மருதானைப் பக்கத்துப் பழைய குட்செட்: திறப்பு யார் கையில்?

தண்டவாளத்தோரம்
தினமும் காலையில் கோச்சியில், அதாவது ரெயிலில், கொழும்புக் கோட்டைக்குப் போகிறவர்கள் கண்டிருப்பீர்கள். மருதானை வருவதற்குக் கொஞ்சம் முன்னால், பற்றைகளுக்கு நடுவில் ஒரு நீளமான ஓட்டுக் கட்டிடம். கோச்சியின் ஜன்னலில் இருந்து பார்த்தால் கூரை மட்டும்தான் தெரியும். ரெயில் சரக்கை இறக்கி வைத்த பழைய குட்செட். சரியான இடத்தை இங்கே போடவில்லை. பழைய இரும்பு தேடுகிறவர்களும் இணையம் பார்க்கிறார்கள்.

போன கிழமை, ரெயில்வே யார்ட்டில் வேலை செய்கிற ஒருவருடன் முறைப்படி கேட்டு உள்ளே போய்ப் பார்த்தேன். பக்கத்துக்கு நான்கு இழுவைக் கதவுகள். ஒன்று மட்டும் அரை அடி நகர்ந்தது, அதற்குள் நெளிந்து போனோம். கூரைத் தண்ணீர் ஓடும் பீலியில் ஒரு அரசமரம் முளைத்து வேர் சுவருக்குள் இறங்கியிருக்கிறது. புறா எச்சம் கணுக்கால் வரை. ஆனால் கூரை மரம் முக்கால்வாசி நன்றாகவே இருக்கிறது. நடுச்சுவரில், என் நெஞ்சு உயரத்தில், கரிக்கட்டையால் போட்ட கோடுகள். நான்கு நேர்க்கோடு, குறுக்கே ஒன்று. இப்படி நூற்றுக்கணக்கில்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் படிக்க இடம் இல்லை. ஒற்றை அறை வீட்டில் டிவியும் ஓடும், தம்பியும் அழுவான், ஓ எல் பரீட்சைக்கும் படிக்க வேண்டும். இந்தக் கட்டிடத்தைத் திருத்தி ஒரு வாசிகசாலையும் மண்டபமும் ஆக்க முடியாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செட்டியார் தெரு
முடியும். திருத்துவார்கள். பிறகு வாசலில் காவலாளி நிற்பார், உள்ளே ஒரு கோப்பை கோப்பி உங்கள் பிள்ளையின் ஒரு மாத டியூஷன் காசுக்கு விற்கும். பழைய ஒல்லாந்தர் ஆஸ்பத்திரியைப் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டுக் கட்டிடம், 2011இல் அழகாகத் திருத்தினார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் புறக்கோட்டையில் மூடை தூக்குகிறவன் எவனாவது அந்த முற்றத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா?

கட்டிடக்கலை மாணவி
அண்ணா சொல்வது பாதி சரி. கடையாக்கினால் கட்டிடம் பிழைக்கும், ஊர் வெளியே நிற்கும். ஆனால் வெறுமனே விட்டால் கட்டிடமே இருக்காதே.

வெளிநாட்டில் குட்செட்களை வேறு விதமாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். லொஸ் ஏஞ்சலஸில் சாண்டா ஃபே ரெயில் கம்பனி 1907இல் கட்டிய சரக்குக் கொட்டகை கால் மைல் நீளம். அகலம் குறைவு, ஒரு நூல் மாதிரி. இன்று அதற்குள் ஒரு கட்டிடக்கலைக் கல்லூரி நடக்கிறது. லண்டன் கிங்ஸ் குரொஸ்ஸில் 1852ஆம் ஆண்டின் தானியக் களஞ்சியத்துக்குள் 2011இல் கலைக் கல்லூரி குடியேறியது. மான்செஸ்டரில் 1830ஆம் ஆண்டுக் களஞ்சியம் அருங்காட்சியக வளாகத்துக்குள் இருக்கிறது. குட்செட் என்றால் உள்ளே தடுப்புச் சுவர் இல்லை, கதவு அகலம், தரை கனம் தாங்கும். எதற்கும் மாற்றலாம்.

செட்டியார் தெரு
கல்லூரி, கலைக் கல்லூரி, அருங்காட்சியகம். தங்கச்சி, நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்றிலாவது பக்கத்து வீட்டு ஆச்சி போய் உட்காரலாமா? 😀

கட்டிடக்கலை மாணவி
சரி, தோற்றேன்.

பழைய குமாஸ்தா
நான் 1968இல் சரக்குப் பகுதியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். அந்தக் கோடுகளைப் பற்றி எழுதத்தான் கணக்குத் திறந்தேன். பேரன் தட்டெழுதுகிறான், பிழை இருந்தால் அவனுடையது.

வேகன் திறந்ததும் நாட்டாமைமார், அதாவது மூடை தூக்குகிறவர்கள், ஒருவர் பின் ஒருவராக மூடையுடன் வருவார்கள். வாசலில் ஒருவர் நின்று மூடைக்கு ஒரு கோடு போடுவார், ஐந்தாவது மூடைக்குக் குறுக்குக் கோடு. எங்கள் கையில் வே பில் என்கிற சரக்குச் சீட்டு, அவர்கள் பக்கம் சுவர். கடைசியில் இரண்டும் ஒத்துப் போக வேண்டும். ஒத்துப் போகாத நாளில் வீட்டுக்குப் போக இரவு ஒன்பது ஆகும். பெரும்பாலும் பிழை எங்கள் பில்லில்தான். சுவர்க் கணக்குப் பிழையானதை நான் கண்டது குறைவு.

வடக்கு லைனில் வந்தவை: யாழ்ப்பாணத்து வெங்காயம், புகையிலைச் சிப்பம், கருவாடு, குட்டான் குட்டானாகப் பனங்கட்டி. ஆனையிறவில் இருந்து உப்பு. காங்கேசன்துறையில் இருந்து சீமெந்து. மாம்பழக் காலத்தில் கொட்டகை முழுவதும் கறுத்தக்கொழும்பான் வாசம், அதற்குள் கருவாடு. அந்தக் கலவையை இப்போதும் மூக்கால் எடுத்துத் தர முடியும். 1990இல் வடக்கு லைன் அறுந்த பிறகு அந்தப் பக்கத்துச் சரக்கு நின்றே போனது. 2014இல் யாழ்தேவி ரெயில் திரும்ப யாழ்ப்பாணம் போனது, வெங்காயம் மட்டும் லொறியிலேயே தங்கிவிட்டது.

தம்பி, எந்தக் கதவு நகர்ந்தது? மருதானைப் பக்கம் இருந்து எண்ணினால் இரண்டாவதா?

தண்டவாளத்தோரம்
ஆமாம் ஐயா, இரண்டாவது. எப்படித் தெரியும்?

பழைய குமாஸ்தா
அதற்குத்தான் நாங்கள் கிறீஸ் போடுவோம். மற்றவற்றின் உருளையை எண்பதுகளிலேயே யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

சுண்ணாம்புக்காரன்
நான் கட்டிட மேற்பார்வை வேலையில் முப்பது வருடம் இருந்தவன். பழைய கோயில், பழைய பங்களா என்று சில திருத்த வேலைகள் செய்திருக்கிறேன். ஐயா "உப்பு" என்று எழுதியதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

தம்பி, ஒரு கேள்வி. சுவரின் அடியில், தரையில் இருந்து மூன்று நான்கு அடி உயரத்துக்கு, வெள்ளையாகப் பூத்து மாவு மாதிரி உதிர்கிறதா? கல் கபுக்கல்லா, அதாவது செம்பூராங்கல்லா?

தண்டவாளத்தோரம்
கபுக்கல்தான். கடைசிக் கதவுப் பக்கம் அப்படித்தான் உதிர்கிறது. அங்கே மட்டும் யாரோ சீமெந்து பூசியிருக்கிறார்கள். அதுவும் பலகை மாதிரிப் பெயர்ந்து நிற்கிறது.

பழைய குமாஸ்தா
உப்பு மூடை அடுக்கியது அங்கேதான். கடைசி அறை.

சுண்ணாம்புக்காரன்
அப்படியானால் கதை விளங்குகிறது. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கபுக்கல் ஈரம் குடிக்கும் கல். கட்டியவர்களுக்கு அது தெரியும், அதனால்தான் சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, சுண்ணாம்பையே பூசினார்கள். நிலத்தில் இருந்து ஏறுகிற ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியே ஆவியாகிவிடும். பிற்காலத்தில் வந்த புண்ணியவான் "உதிர்கிறதே" என்று சீமெந்து பூசினார். ஈரம் வெளியே வர வழி இல்லை. பல வருட உப்பு கல்லுக்குள் போயிருக்கிறது. அந்த உப்பு காயும்போது படிகமாகும், படிகமாகும்போது இடம் கேட்கும், இடம் இல்லாததால் கல்லை உடைக்கும். சீமெந்து பலகை போலப் பெயர்வது அதனால்தான். பின்னால் கல் பொடியாகியிருக்கும்.

செய்ய வேண்டியது: அந்தச் சீமெந்தை உளியால் மெதுவாக எடுக்க வேண்டும். பிரேக்கர் மெஷின் கொண்டு வருகிறவனை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். பிறகு உப்பை இழுக்க வேண்டும். காகிதக் கூழையோ களிமண்ணையோ ஈரமாகச் சுவரில் அப்பி, காய விட்டு, உரித்து எறிவது. உப்பு கூழோடு வரும். இரண்டு மூன்று தரம் செய்ய வேண்டி வரும். அதன் பிறகுதான் பூச்சு, அதுவும் நீற்றிச் சில கிழமை ஊறவிட்ட சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று. பொறுமை இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வரக்கூடாது.

ஆனால் இதெல்லாம் இரண்டாவது வேலை. முதல் வேலை கூரையும் பீலியும். கொழும்பில் வருடத்துக்கு ஏறக்குறைய 2400 மில்லிமீட்டர் மழை. கூரையைத் திருத்தாமல் சுவரைத் தொட்டால் காசைப் பேர வாவியில் கொட்டுவதற்குச் சமம். அரசமரத்தைப் பிடித்து இழுக்காதீர்கள், சுவர் கூடவே வரும். வெட்டி, வேரைச் சாக விட்டு, பிறகு துண்டு துண்டாக எடுத்துக் குழியை அடைக்க வேண்டும்.

உள்ளே தூண்கள் வார்ப்பிரும்பா? அந்தக் காலத்துக் கொட்டகைகள் பலவற்றில் தூண் உள்ளே குழாய். கூரைத் தண்ணீர் தூணுக்குள்ளாலேயே இறங்கும். அடைத்துக்கொண்டால் உள்ளிருந்து துரு. வெளியே பெயின்ட் பளபளக்கும். சின்னச் சுத்தியலால் கீழிருந்து மேலே தட்டிக்கொண்டு போங்கள், சத்தம் மாறுகிற இடத்தைச் சோக்கால் குறியுங்கள்.

கொட்டாஞ்சேனை அக்கா
நீங்கள் எல்லாரும் சுவர், தூண் என்று கதைக்கிறீர்கள். நான் பத்து வருடமாக ஒரு மாதர் சங்கத்தில் இருக்கிறேன். எங்களுக்கும் ஒரு கட்டிடம் கிடைத்தது. பெயர் வேண்டாம். திறப்பு விழாவுக்குப் பெரியவர்கள் வந்தார்கள், நாடா வெட்டினார்கள், கேக் சாப்பிட்டோம். கதவுத் திறப்பு, அதாவது சாவி, ஒரு அலுவலகத்தில். பின்னேரம் நான்கரைக்கு அந்த அலுவலகம் மூடும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு, சாப்பிட்டு, படிக்க வருகிற நேரம் ஐந்து மணி. ஆறு மாதம் கடிதம் எழுதினோம். கடைசியில் அந்த மண்டபம் கதிரை அடுக்கி வைக்கிற இடமாகிப் போனது.

ஆகவே என் கேள்விகள் வேறு. கழிவறை எத்தனை, பெண்களுக்குத் தனியாக உண்டா, அதன் கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா? றோட்டில் இருந்து கதவு வரை வெளிச்சம் உண்டா? செவ்வாய்க்கிழமை யார் கூட்டுவது? கரண்ட் பில் யார் பெயரில் வரும்? திறப்பு யார் வீட்டு ஆணியில் தொங்கும்?

செட்டியார் தெரு
அக்கா எழுதியதை அச்சடித்துக் குட்செட் வாசலில் ஒட்டலாம்.

வேகன்
எல்லாரும் ஒரு விஷயத்தை மறக்கிறீர்கள். ரெயில்வேக்குச் சரக்குக் கொட்டகை வேண்டாம் என்று யார் முடிவு செய்தது? றோட்டில் லொறி நெரிசல், டீசல் விலை வேறு. சரக்கைத் திரும்ப ரெயிலில் ஏற்ற வேண்டும் என்றுதானே எல்லா அரசாங்கமும் சொல்கிறது? வாசிகசாலையை வேறு எங்கும் கட்டலாம். தண்டவாளம் ஓரத்தில் காணியை விட்டால் திரும்பக் கிடைக்காது.

பழைய குமாஸ்தா
வேகன் தம்பி சொல்வதில் ஞாயம் இருக்கிறது, சரக்கு ரெயிலில் போக வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் இந்தக் கொட்டகையால் அல்ல. இது சில்லறைச் சரக்குக்காகக் கட்டியது. ஒருவருக்குப் பத்து மூடை, இன்னொருவருக்கு இரண்டு பெட்டி, ஒருவருக்கு ஒரு சைக்கிள். அதை இறக்கி, பிரித்து, நிறுத்து, ஆள் வரும் வரை காத்து வைக்கத்தான் கூரை வேண்டும். இன்றைய சரக்கு கொள்கலனில் வருகிறது, அதற்குக் கூரை வேண்டாம், கிரேனும் கொங்கிறீட் தரையும் போதும். எண்ணெய் டாங்கியில் போகிறது. நாற்பது அடிக் கொள்கலனை இந்தக் கதவுக்குள் விட முடியாது. தண்டவாளத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம். கொட்டகையை மட்டும் விடலாம்.

வேகன்
சரி. தண்டவாளப் பக்கம் வேலி போட்டு, றோட்டுப் பக்கக் கதவுகளை மட்டும் பாவிப்பதானால் எனக்கு மறுப்பு இல்லை. ஓடுகிற லைன் பக்கத்தில் பிள்ளைகள் விளையாடுவதை யோசித்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

கட்டிடக்கலை மாணவி
அந்த வேலி கட்டாயம். குட்செட்டின் அமைப்பே இதற்குத் தோதாக இருக்கிறது: ஒரு பக்கம் ரெயில், மறுபக்கம் மாட்டுவண்டி. இரண்டு பக்கமும் கதவு இருந்தது அதனால்தான். கூரை சுவரைத் தாண்டி நீண்டு நிற்பதும் வண்டியில் ஏற்றும்போது மூடை நனையாமல் இருக்கத்தான். றோட்டுப் பக்கத்து அந்தத் தாழ்வாரம் மட்டுமே ஒரு நல்ல விறாந்தை.

ஒரு சிக்கல். உள்தரை வேகன் தளத்தின் உயரத்தில் இருக்கும், நான்கு அடி என்று வையுங்கள். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் 1:12. நான்கு அடிக்கு நாற்பத்தெட்டு அடி நீளம், நடுவில் இளைப்பாறத் தட்டு வேறு. மாற்றுத்திறனாளிகள் அணுகுவதற்கான ஒழுங்குவிதி நம் நாட்டில் 2006இல் இருந்தே உண்டு. "பிறகு பார்ப்போம்" என்று விட்டால் அது வராது. முதல் வரைபடத்திலேயே போட வேண்டும். சுவரோடு ஒட்டாமல் தனியாக, பிறகு கழற்றக்கூடிய மாதிரி.

சட்டப் பக்கம்: 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் கீழ், நூறு வயது தாண்டிய கட்டிடத்தைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக வர்த்தமானியில் அறிவிக்கலாம். அறிவித்தால் இடிக்க முடியாது. ஆணி அடிக்கவும் அனுமதி கேட்க வேண்டி வரும். இரண்டையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

செட்டியார் தெரு
மருதானையிலேயே உதாரணம் இருக்கிறதே. 1865இல் திறந்த முதல் கொழும்பு டெர்மினஸ் ரெயில் நிலையம். 1864 டிசம்பர் 27இல் அம்பேபுஸ்ஸவுக்கு முதல் ரெயில் ஓடிய காலத்தின் கட்டிடம். கோப்பி மூடையைக் கண்டிப் பக்கத்தில் இருந்து இறக்கத்தான் இந்த ரெயிலே வந்தது. பயணிகளுக்காக அல்ல. 2009இல் அந்தக் கட்டிடத்தில் ரெயில்வே அருங்காட்சியகம் திறந்தார்கள், 2014இல் அருங்காட்சியகம் கடுகண்ணாவைக்குப் போனது. திறப்பு விழா நடப்பது சுலபம். பத்தாவது வருடம் விளக்கு எரிய வேண்டும், அதுதான் கஷ்டம்.

மட்டக்குளி மகன்
இந்த இழையை மூன்று நாளாக வாசிக்கிறேன். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

என் அப்பா நாட்டாமை. பதினாறு வயதில் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து வந்தவர். குட்செட்டில் கொஞ்ச வருடம், பிறகு மெனிங் சந்தை. 2020 நவம்பரில் சந்தை பேலியகொடைக்குப் போனது, அதோடு அவரும் நிறுத்திக்கொண்டார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த ஐந்து கோட்டுக் கணக்கில் பிசகமாட்டார். மூடைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. கோடு ஒன்று குறைந்தால் சோறு ஒரு பிடி குறையும் என்பார். வீட்டில் அரிசி வாங்கினாலும் கதவு நிலையில் கரிக்கோடு போடுவார். அம்மா ஏசுவார்.

நேற்று தொலைபேசியில் தண்டவாளத்தோரம் அனுப்பிய படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். கீழே ஒரு இடத்தில் குறுக்குக் கோடு இடமிருந்து வலமாக இல்லாமல் வலமிருந்து இடமாகச் சரிந்திருக்கிறது. "இது இடதுகைக்காரன் போட்டது" என்றார். ஆள் பெயரும் சொன்னார். அவர் இப்போது இல்லை.

சுண்ணாம்பு ஐயா, அந்தச் சுவருக்கு வெள்ளை அடிக்க வேண்டாம்.

சுண்ணாம்புக்காரன்
தம்பி, தொட மாட்டேன். கரி சுண்ணாம்பின் மேல் இருக்கிறது, ஈரம் பட்டால் அழிந்துபோகும். அதற்கு மேலே கூரை ஒழுகுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒழுகினால் அந்த இடத்துக்கு நாளைக்கே ஒரு தார்ப்பாய். மற்ற வேலை எல்லாம் பிறகு.

தண்டவாளத்தோரம்
அந்த இடம் காய்ந்துதான் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் இரண்டு ஓடு நகர்ந்திருக்கிறது. கடைசிப் பகுதியில் ஓடு இல்லை, அஸ்பெஸ்டஸ் சீட்.

சுண்ணாம்புக்காரன்
சீட்டை யாரும் உடைக்கவோ வாளால் அறுக்கவோ கூடாது. நனைத்து, முழுசாகக் கழற்றி இறக்க வேண்டும், தெரிந்த ஆட்கள் செய்யட்டும். சிரமதானம் என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். புறா எச்சத்துக்கும் அதே கதை, தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டுத்தான்.

கொட்டாஞ்சேனை அக்கா
முழுக் கட்டிடத்தையும் கேட்டால் பத்து வருடம் போகும். ரெயில்வே ஒரு திணைக்களம், காணி அரசாங்கத்தின் காணி. குத்தகைக் கடிதம் மேசை மேசையாக ஊரும். நான் சொல்வது, ஒரே ஒரு அறை கேளுங்கள். அந்த இரண்டாவது கதவுக்குப் பின்னால் உள்ள இடம் மட்டும். கூரையைத் திருத்தி, இரண்டு கழிவறை, பத்து மேசை, நான்கு விளக்கு. பின்னேரம் ஐந்தில் இருந்து ஒன்பது வரை. குத்தகை ஐந்து வருடத்துக்குக் குறையக்கூடாது, இல்லாவிட்டால் யாரும் காசு போட மாட்டார்கள். திறப்பு மூன்று வீட்டில் இருக்க வேண்டும், மூன்றில் இரண்டு பெண்கள் கையில். இதைக் கடிதத்திலேயே எழுத வேண்டும், பிறகு வாய்ப்பேச்சாகச் சொன்னால் நடக்காது. உப்பு அறை, கோப்பிக் கடை எல்லாவற்றையும் பிறகு சண்டை பிடிக்கலாம்.

செட்டியார் தெரு
இதற்கு நான் காசு தருகிறேன். கோப்பிக் கடை வந்தால் திருப்பி வாங்குவேன். கடைப் பையன்கள் இரண்டு பேரையும் ஒரு ஞாயிறு அனுப்பலாம்.

கட்டிடக்கலை மாணவி
அளவு எடுக்க நான் வருகிறேன். கடிதம் போகும் முன் ஒரு வரைபடம் கையில் இருந்தால் நல்லது. ஐம்பது மீட்டர் டேப் யாரிடமாவது இருக்கிறதா?

சுண்ணாம்புக்காரன்
என்னிடம் இருக்கிறது. சுத்தியலும் சோக்கும் கொண்டு வருகிறேன்.

தண்டவாளத்தோரம்
யார்ட்டில் கேட்டேன். ஞாயிறு காலை எட்டுக்கு, ஐந்து பேருக்கு மேல் வேண்டாம், கூடவே அவர்களுடைய ஆள் ஒருவர் நிற்பார். மட்டக்குளி மகன், அப்பா வருவாரா?

மட்டக்குளி மகன்
வருவார். நேற்றே சேர்ட்டை எடுத்து வைத்துவிட்டார். முழங்கால் மட்டும்தான் சரியில்லை, அந்த நான்கு அடி ஏற முடியாது.

கட்டிடக்கலை மாணவி
சாய்தளத்துக்கு இதைவிட வேறு காரணம் எழுதத் தேவையில்லை. ஞாயிறுக்கு ஒரு பலகை கொண்டு வருகிறேன், இரண்டு பக்கம் நாங்கள் பிடித்துக்கொள்கிறோம்.

பழைய குமாஸ்தா
பலகை வேண்டாம் பிள்ளை. றோட்டுப் பக்கம் மூலையில், பற்றைக்குள், ஐந்து படி இருக்கிறது. பெரிய துரை வரும்போது அவர் ஏறுவதற்குக் கட்டியது. நாட்டாமைமாரை அதில் ஏற விடமாட்டார்கள். கத்தி ஒன்று கொண்டு போய்ப் பற்றையை வெட்டுங்கள், படி கருங்கல், உடைந்திருக்காது. கைபிடித்து அதில் ஏற்றுங்கள்.

அப்புறம், முதலாம் கதவுக்கு உள்ளே வலது பக்கம் தராசுக் குழி இருக்கிறது. மேலே இரும்புத் தகடு, தூசியில் தெரியாது. கால் வைக்கும்போது பார்த்து வையுங்கள்.